எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பதுதான் கணக்கா?



சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு நெருங்குகிறது. ஆண்டறிக்கை எழுதும் வேலை தொடங்கிவிட்டது. சென்ற ஆண்டு அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு எண்களை மட்டும் மாற்றினால் போதும் என்று நிர்வாகக் குழுவில் சிலர் சொன்னார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. பல ஆண்டுகளாக நாம் அப்படித்தான் செய்து வந்திருக்கிறோம். இந்த முறை அப்படிச் செய்யக் கை வரவில்லை. சென்ற பொதுக்குழுவில் ஒரு தாய் கேட்ட கேள்விதான் காரணம்.

அன்று செயலாளர் அறிக்கை படித்தார். ஐந்நூறு மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கினோம். மூன்று மருத்துவ முகாம்கள் நடத்தினோம். பொங்கல் விழாவில் மைதானம் கொள்ளாத கூட்டம். தமிழகத்திலிருந்து வந்த தலைவர்களுக்கு வரவேற்பு அளித்தோம். கைதட்டல் அடங்கியதும் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைப்பவர்.

"அண்ணாச்சி, எம் மவனுக்கு மூணு வருசம் நோட்டு குடுத்தீங்க. நல்லது. அவன் ஒம்பதாங் கிளாசோட நின்னுட்டான். இப்போ பை தைக்கிற பட்டறையில இருக்கான். நீங்க வாசிச்ச கணக்குல எம் புள்ள எங்க இருக்கான்?"

மேடையிலிருந்த எங்களிடம் பதில் இல்லை. வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் யோசித்தோம். அந்தப் பிள்ளை நம் கணக்கில் இல்லாமல் இல்லை. மூன்று முறை இருக்கிறான். ஒவ்வோர் ஆண்டும் ஐந்நூறில் ஒருவனாக நின்று, மூன்று அறிக்கையிலும் சங்கத்தின் வெற்றியாக எண்ணப்பட்டிருக்கிறான். அவன் பள்ளியை விட்டு நின்ற நாள்தான் எந்த அறிக்கையிலும் இல்லை.

அப்படியானால் நாம் இத்தனை காலம் எண்ணியது எதை? நம் கொடையை எண்ணினோம். பிள்ளையை எண்ணவில்லை.

கல்யாண வீட்டுக் கணக்கு நம் எல்லாருக்கும் தெரிந்ததே. எத்தனை மூட்டை அரிசி வந்தது என்பது ஒரு கணக்கு. எத்தனை இலை விழுந்தது என்பது இன்னொரு கணக்கு. வந்தவர்கள் வயிறார உண்டார்களா, கடைசிப் பந்திக்குச் சாம்பார் இருந்ததா என்பது மூன்றாவது கணக்கு. மூட்டைக் கணக்கும் இலைக் கணக்கும் சரியாக இருந்தும் கடைசிப் பந்தி பசியோடு எழுந்து போன கல்யாணங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

சங்க வேலையும் அப்படித்தான். போட்டது, செய்தது, ஆனது என்று மூன்று படிகள். போட்டது என்றால் நம் சந்தாவும் நன்கொடையும் தொண்டர்களின் நேரமும். செய்தது என்றால் கொடுத்த நோட்டும் நடத்திய முகாமும் கூட்டிய கூட்டமும். ஆனது என்றால் இவற்றால் ஒரு குடும்பத்தின் வாழ்வில் உண்மையாக நேர்ந்த மாற்றம். நம் அறிக்கைகள் முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடுகின்றன. மூன்றாவது படியில் ஏறிப் பார்க்கத் துணிவதில்லை. ஏறினால் அங்கே பட்டறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? நம் ஆட்கள் சோம்பேறிகள் என்பதால் அல்ல. இரவு பத்து மணிக்கு வேலை முடிந்து வந்தும் சங்கத்துக்காக ஓடுகிறவர்கள் அவர்கள். கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

இட்லிக் கடைக்காரர் மாவைப் புளிக்க விட்டால் மறுநாள் கடை காலியாக இருக்கும். காசு கொடுப்பவரும் சாப்பிடுபவரும் ஒருவரே. ஆகவே தவறு உடனே கல்லாவில் தெரிந்துவிடும். லாப நோக்கமில்லாத சங்கத்தில் காசு கொடுப்பவர் ஒருவர், பெற்றுக்கொள்பவர் இன்னொருவர். கொடுத்தவர் பிள்ளையைப் பார்ப்பதில்லை, படத்தைப் பார்க்கிறார். பெற்றவர் இலவசமாக வந்த நோட்டில் குறை சொல்லக் கூசுகிறார். ஆகவே நம் தவறு நமக்குத் தெரியாமலே போகிறது. கொடுப்பவரைப் பார்த்தே அறிக்கை எழுதிப் பழகிவிட்டோம்.

சட்டமும் இதற்கு மேல் கேட்பதில்லை. மகாராட்டிரத்தில் பதிவுபெற்ற அறக்கட்டளைகளும் சங்கங்களும் 1950-ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைச் சட்டப்படி ஆண்டுதோறும் தணிக்கை செய்த வரவு செலவைக் கொடுக்க வேண்டும். அது வேண்டியதுதான். ஊர்ப் பணத்துக்கு ஊர்க் கணக்கு இருக்க வேண்டும். ஆனால் தணிக்கையாளர் முத்திரை, ரூபாய் எங்கே போனது என்பதற்குச் சாட்சி. போன ரூபாய் என்ன செய்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பணமும் இப்போது வந்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, 2014 ஏப்ரல் முதல் பெரிய கம்பெனிகள் தங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும். 2021-இல் கொண்டுவந்த விதியின்படி, இந்த வகையில் பத்துக் கோடி ரூபாயும் அதற்கு மேலும் செலவிட வேண்டிய கம்பெனிகள், ஒரு கோடியும் அதற்கு மேலும் ஆன திட்டங்களின் பயன் என்ன என்று வெளியாரைக் கொண்டு ஆராய வேண்டும். நம்மைப் போன்ற சிறு சங்கங்களுக்கு வரும் தொகை அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. நம்மிடம் கேட்பது எண்ணிக்கையும் படமும்தான்.

இந்த ஏட்டை நடத்துகிறவர்களில் ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவர்களும் உண்டு. நாள் முழுவதும் எண்களோடு பழகுகிறவர்கள் என்பதால் ஒன்றைச் சொல்கிறோம். ஊருக்குப் போய் வரும் நீங்களும் கவனித்திருப்பீர்கள். வண்டி வழியெல்லாம் தாமதமாக வரும். கடைசி நிலையத்தில் மட்டும் சரியான நேரத்துக்கு வந்து நிற்கும். என்ன மாயம்? ஒரு வண்டி நேரம் தவறியதா இல்லையா என்பதை நெடுங்காலமாக அது கடைசி நிலையத்தைச் சேர்ந்த நேரத்தைக் கொண்டே கணக்கிட்டு வந்தார்கள். கால அட்டவணையில் கடைசி இரண்டு நிலையங்களுக்கு இடையே கூடுதல் நிமிடங்கள் இருக்கும். வழியில் ஏற்படும் தடங்கலை ஈடுகட்ட அந்த நிமிடங்கள் தேவையே. ஆனால் நடுவழி நிலையத்தில் கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம் காத்திருந்த பெண்ணுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. வண்டி 'சரியான நேரம்' என்று பதிவாகிவிடும். பொய் எழுதப்படவில்லை. அளக்கும் இடத்தைத் தேர்ந்ததில்தான் சூட்சுமம்.

ஐந்நூறு நோட்டுப் புத்தகக் கணக்கும் இதுபோல்தான். அதில் பொய் ஒன்றுமில்லை. அளக்கும் இடத்தை நமக்கு வசதியாக வைத்துக்கொண்டோம்.

இதனால் என்ன கெட்டுவிட்டது, கொஞ்சம் பெருமைதானே என்று கேட்கலாம். தவறான அளவுகோல் வெறும் பெருமையோடு நிற்பதில்லை. ஆளையே கொல்லும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சிகள் உண்டு.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஆண்டில், நாடு முழுவதும் சுமார் 83 லட்சம் பேருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்தார்கள். இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள், இலக்கு நிறைவேறியது, மனிதர்கள் மிதிபட்டார்கள். இலக்கு வைக்கும் முறையை 1996-இல் கைவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. ஆனாலும் 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில், ஒரே நாளில், 80-க்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சில மணி நேரத்துக்குள் அறுவை செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். 'எத்தனை பேர்' என்ற கேள்வி மட்டும் இருந்து, 'எப்படி இருக்கிறார்கள்' என்ற கேள்வி இல்லாத இடத்தில் நடப்பது இதுதான்.

அது அரசு செய்தது, தொண்டு அமைப்புகள் அப்படிச் செய்யுமா என்பீர்கள். 2010-இல் அன்றைய ஆந்திரத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். பெண்கள் குழுக்களுக்குக் கடன் கொடுத்த நிறுவனங்களில் சில, தொண்டு அமைப்புகளாகத் தொடங்கியவை. கொடுத்த கடனில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் திரும்பி வருகிறது என்பதே அவற்றின் வெற்றிக்கு அடையாளம் என்று உலகமெங்கும் பாராட்டினார்கள். அந்தப் பணம் எப்படித் திரும்பி வந்தது என்று கேட்டவர் சிலரே. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்கக் கந்துவட்டி என்று பெண்கள் சிக்கினார்கள். தற்கொலைச் செய்திகள் வந்தன. 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. வசூல் ஏடு அதுவரை மிக அழகாக இருந்தது. வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பது அந்த ஏட்டில் இல்லை.

அப்படியானால் எண்ணவே வேண்டாமா? இல்லை, தோழர்களே. எண்ணத்தான் வேண்டும். எண்ண வேண்டியதை எண்ண வேண்டும். அதற்கும் நல்ல முன்மாதிரிகள் நம் கண்முன் உண்டு.

பிரதம் என்ற அமைப்பு 1990-களின் நடுவில் இதே மும்பையின் குடிசைப் பகுதிகளில் பால்வாடி வகுப்புகளோடு தொடங்கியது. அந்த அமைப்பு 2005-இல் நாட்டின் கிராமப்புறம் முழுவதும் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கியது. அப்போதே பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பள்ளியில் பெயர் எழுதியிருந்தார்கள். பெயர்ப் பதிவேட்டைப் பார்த்தால் நாடு வென்றுவிட்டது. அவர்கள் பதிவேட்டைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் கையில் ஒரே ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் எழுத்துகள், சில சொற்கள், ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை. இவ்வளவுதான் பரீட்சை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் அந்த இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்கத் திணறினார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் 2018-இல் எடுத்தபோதும் நிலை ஏறக்குறைய அதுவே. இந்த உண்மையைச் சொல்லப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு தாளும், பிள்ளையின் பக்கத்தில் உட்காரும் பொறுமையும் போதுமாயின.

இன்னொன்று காசநோய் வேலை. நம் சந்துகளில் இந்த நோய் தொடாத சந்து குறைவு. 1997-இல் திருத்தியமைத்த தேசியத் திட்டத்தில், எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தோம் என்பதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் தனி அட்டை. எத்தனை மாதம் மருந்து தின்றார், நடுவில் நிறுத்தினாரா, சளியில் கிருமி போயிற்றா என்று அதில் எழுதுவார்கள். புதிதாகக் கண்ட நோயாளிகளில் நூற்றுக்கு 85 பேராவது குணமாக வேண்டும் என்று குறி வைத்தார்கள். மருந்தை வாங்கிப் பெட்டியில் வைத்தவர் அங்கே வெற்றி ஆகமாட்டார், முடித்தவர்தான் வெற்றி. நம் மருத்துவ முகாமில் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதம் மருத்துவமனைக்குப் போனார்கள்? நமக்குத் தெரியாது. நாம் கேட்டதே இல்லை.

நம்மை நாமே எண்ணிக்கொண்ட வரலாறும் இந்த நகரத்தில் உண்டு. 1985 சூலையில் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிழைக்கும் உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று சொன்ன அந்தத் தீர்ப்பு, நடைபாதையிலிருந்து அப்புறப்படுத்தவும் வழி விட்டது. அந்த நேரத்தில் ஸ்பார்க் என்ற அமைப்பும் பைகுல்லா நடைபாதைப் பெண்களும் சேர்ந்து சுமார் 6,000 நடைபாதைக் குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். திருடர்கள், சோம்பேறிகள் என்று நகரம் ஏசிய மக்கள் உழைத்துப் பிழைப்பவர்கள், வேலைக்கு நடந்தே போகிறவர்கள் என்று அந்தக் கணக்கு காட்டியது. கணக்கு அதிகாரியின் கையில் மட்டும் இருந்தால் அது நம்மை இடிக்க வரும். நம் கையிலும் இருந்தால் நமக்காகப் பேசும்.

இங்கே இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் எண்ணிவிட முடியாது. டிராம்பேயில் இருந்த ஜனதா காலனியைக் காப்பாற்றக் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜாக்கின் அற்புதமும் அந்த மக்களும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அந்தக் காலனி இடிக்கப்பட்டது. மக்கள் சீத்தா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள். காலனி நின்றதா என்று மட்டும் கேட்டால் அது தோல்வி. ஆனால் அந்தப் போராட்டத்தில் பழகிய மனிதர் தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை வளர்த்தார். 2000-ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்றார். 2018-இல் மறையும்வரை பல நாட்டுக் குடிசை மக்களோடு வேலை செய்தார். இடிக்க வந்தவர்களிடம் காகிதம் கேட்டுப் பேசும் தைரியம் எத்தனை வீடுகளுக்கு வந்தது என்பதை எந்த ஏட்டில் பதிவது? ஆகவே ஓராண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு போராட்டத்தைத் தோல்வி என்று மூடிவிடக் கூடாது. எண் சொல்லாததை மனிதர் வாயால் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். இந்தப் பொதுக்குழுவில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அதை மூடி மறைக்காமல் இங்கே வைக்கிறோம்.

ஒரு கம்பெனி ஆயிரம் பிள்ளைகளுக்குப் பையும் நோட்டும் தர முன்வந்திருக்கிறது. ஆயிரம் என்ற எண்ணிக்கை குறையக் கூடாது; கம்பெனியின் பதாகைக்கு முன்னால் படம் எடுக்க வேண்டும்; இவை நிபந்தனைகள். மறுபக்கம், அந்தத் தாயின் கேள்விக்குப் பின் சில தோழர்கள் வேறொன்று சொல்கிறார்கள். நாற்பது பிள்ளைகளைச் சேர்த்து, வாரம் ஆறு நாள், மாலையில் இரண்டு மணி நேரம் வாசிப்பு வகுப்பு நடத்துவோம். எட்டாவது, ஒன்பதாவதில் தடுமாறும் பிள்ளைகளைப் பத்தாவது தாண்டும்வரை விடாமல் பிடித்துக்கொள்வோம் என்கிறார்கள். இரண்டையும் செய்யலாமே என்று சொல்வது எளிது. ஓடியாடி வேலை செய்யும் கைகள் ஒரு டஜன்தான். ஆயிரம் பை விழா இரண்டு மாதத்தைத் தின்றுவிடும் என்பது அனுபவம்.

ஆயிரம் பெரிதா, நாற்பது பெரிதா? இலைக் கணக்கில் ஆயிரம் பெரிது. வயிற்றுக் கணக்கில் பார்த்தால் நாற்பது பிள்ளைகள் பத்தாவது தாண்டுவது பெரிது. நம் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறோம்: நாற்பதைத் தேர்ந்தெடுப்போம். கம்பெனிக்காரரிடம் கைகூப்பிச் சொல்வோம், 'ஐயா, இந்த நாற்பது பிள்ளைகளின் ஆசிரியர்களுக்கு ஊதியம் தாருங்கள். ஆண்டு முடிவில் ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதித் தருகிறோம்' என்று. ஒப்புக்கொண்டால் நன்றி. இல்லாவிட்டால் நம் சந்தாவில் முடிந்த அளவு நடத்துவோம்.

வகுப்போடு முடியவில்லை. மற்ற வேலைகளையும் மூன்றாவது படியிலிருந்து பார்க்க வேண்டும்.

இ-ஷ்ரம் பதிவுக்கு முகாம் போட்டோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தப் பதிவில் நாடு முழுவதும் 30 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சேர்ந்திருக்கிறார்கள். நாம் பதிந்து கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த அட்டையால் ஒரு பயனாவது கிடைத்தது?

ஊர் ரேஷன் அட்டையை வைத்துக்கொண்டு இங்கே அரிசி வாங்கலாம் என்று விளக்கக் கூட்டம் போட்டோம். 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் அட்டைகளுக்கு 2022 முதல் எல்லா மாநிலங்களிலும் அந்த வசதி உண்டு. கூட்டத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேர் இங்குள்ள கடையில் கைரேகை வைத்து அரிசி வாங்கித் தூக்கி வந்தார்கள்?

தாராவிச் சீரமைப்பைப் பற்றி எத்தனை கூட்டம் போட்டோம் என்பதை மறந்துவிடுவோம். அரசின் விதியில் 2000 சனவரி 1 என்ற நாள் ஒரு கோடு. அதற்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்ததற்குச் சான்று வைத்திருப்பவருக்கு ஒரு நியாயம். பிந்தியவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் வேறொரு நியாயம். இந்தப் பாகுபாட்டை எதிர்ப்பது ஒரு வேலை. அதோடு, நம் உறுப்பினர்களில் எத்தனை குடும்பங்களிடம் பழைய போட்டோ பாஸும் மின் ரசீதும் வாக்காளர் பட்டியல் நகலும் ஒழுங்காக ஒரே உறையில் இருக்கின்றன? அந்த எண்ணிக்கைதான் நம் கூட்டங்களின் உண்மையான வருகைப் பதிவேடு.

சிலர் தடை சொல்வார்கள். அவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

தொண்டை அளப்பது தொண்டைக் கொச்சைப்படுத்துவது ஆகாதா என்பார்கள். தன் பிள்ளை வளர்ந்திருக்கிறானா என்று சுவரில் கோடு போட்டுப் பார்க்கும் தாய் பாசம் இல்லாதவளா?

கணக்கு எழுதவே நேரம் போய்விடும் என்பார்கள். நாற்பது பக்க அறிக்கை கேட்கவில்லை. பிள்ளைக்கு ஒரு பக்கம், மாதத்துக்கு இரண்டு வரி. பயனில்லாத எண் எதையும் சேர்க்க வேண்டாம். எழுதியதைப் பார்த்து ஒரு வேலையையும் மாற்றப் போவதில்லை என்றால் அதை எழுதவே வேண்டாம்.

தோல்வியை எழுதினால் நன்கொடை நின்றுவிடும் என்பார்கள். நிற்கலாம். சிலர் நிறுத்தத்தான் செய்வார்கள். ஆனால் நம் சந்தாவில் பெரும்பகுதி கொடுப்பது யார்? மாதம் தவறாமல் பத்தும் இருபதும் எடுத்து வைக்கும் நம் குடும்பங்கள்தான். தங்கள் பிள்ளை நின்றுபோனது அவர்களுக்கு நாம் சொல்லாமலே தெரியும். அதை நாமும் ஒப்புக்கொள்ளும்போதுதான் சங்கத்தின் மீது நம்பிக்கை வரும். ஏட்டுச் சுரைக்காயைக் காட்டி ஏமாற்ற முடியாத இடம் அடுக்களை.

இன்னொரு எச்சரிக்கை. தேர் நிலைக்கு வந்துவிட்டால் வடத்தில் விரல் வைத்தவரெல்லாம் தானே இழுத்ததாகச் சொல்வார்கள். ஒரு பிள்ளை பத்தாவதில் தேறினால், அதில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஆசிரியரின் பங்கு உண்டு. இரவெல்லாம் விழித்திருந்த தாயின் பங்கு உண்டு. தான் வேலைக்குப் போய்த் தம்பியைப் படிக்கவைத்த அக்காளின் பங்கு உண்டு. சங்கம் தன் பங்கை மட்டும் சொல்லிக்கொள்ளட்டும்.

ஆகவே இந்த ஆண்டு அறிக்கையில் மூன்று மாற்றங்கள் செய்யக் கோருகிறோம். முதலாவது, ஒவ்வொரு வேலைக்கும் நேராகச் செய்தது என்ன, ஆனது என்ன என்று இரண்டு பத்திகள். இரண்டாவது, 'முடியாமற் போனவை' என்று ஒரு தனிப் பக்கம். அதைச் செயலாளர் மேடையில் முதலில் வாசிக்க வேண்டும். மூன்றாவது, எதை எண்ணுவது என்பதை நிர்வாகக் குழு மட்டும் முடிவு செய்யாமல், பெண்கள் கிளையும் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரும் கூடி முடிவு செய்ய வேண்டும். யாருக்காக வேலை செய்கிறோமோ அவர்கள் கையில்தான் அளவுகோல் இருக்க வேண்டும்.

அந்தத் தாயின் வீட்டுக்கு இரண்டு முறை போய் வந்தோம். பிள்ளை பட்டறையிலிருந்து திரும்ப இரவு ஒன்பதாகிறது. மறுபடி படிக்கிறாயா என்று கேட்டோம். முகத்தைப் பார்க்காமல், "பாக்கலாம் அண்ணாச்சி" என்றான். நாற்பது பேர் கொண்ட வகுப்பு தொடங்கினாலும் அவன் வருவான் என்று உறுதி சொல்ல முடியாது. பதினேழாம் எண்ணுக்கான தேர்வு விண்ணப்பத்தை வாங்கி, வெளியிலிருந்து பத்தாவது எழுதலாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். அந்த வழி மகாராட்டிரத் தேர்வு வாரியத்தில் உண்டு. அவன் எழுதினானா இல்லையா என்பது அடுத்த ஆண்டு அறிக்கையில் இருக்கும். எழுதாவிட்டாலும் இருக்கும்.

பொதுக்குழுவுக்குக் கட்டாயம் வாருங்கள். பொன்னாடை போர்த்த வேண்டாம். ஆளுக்கொரு கேள்வி கொண்டு வாருங்கள். 'சங்கம் என்ன கொடுத்தது?' என்று கேட்க வேண்டாம். 'சங்கத்தால் எங்கள் வீட்டில் என்ன மாறியது?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு மேடையில் நின்று பதில் சொல்ல முடிகிற சங்கமே உழைக்கும் மக்களின் சங்கம்.